உலகத்தில் இருந்தும் உலகத்துக்கு ஒத்துப்போகாமல் வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்கிறது யோவான் 3:16. உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்கிறது 1 யோவான் 2:15. எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும்தான். இரண்டு இடத்திலும் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கோஸ்மோஸ்'. தமிழ் வேதாகமத்திலும் "உலகத்தில் அன்புகூர்" என்ற அதே தொடர்தான் வருகிறது. முதல் வசனத்தில் உலகம் என்பது மக்கள், அதுவும் தேவனுக்கு முதுகு காட்டி நிற்கிற மக்கள். அவர்களுக்காகவே அவர் தம் குமாரனைக் கொடுத்தார். இரண்டாவது வசனத்தில் உலகம் என்றால் என்ன என்பதை அடுத்த வசனமே விரித்துச் சொல்கிறது: மாம்சத்தின் இச்சை (உடலின் ஆசை), கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை (வாழ்க்கையைக் குறித்த பெருமை).

இந்தப் பட்டியலைச் சற்று நின்று பாருங்கள். இதில் பொருள் ஒன்றுகூட இல்லை. வீடு இல்லை, இசை இல்லை, பணம் இல்லை, படிப்பு இல்லை. மூன்றும் மனம் ஒரு பொருளைப் பற்றிக்கொள்கிற விதங்கள். ஏதேன் தோட்டத்திலும் இதே மூன்றைத்தான் காண்கிறோம். அந்த மரம் புசிப்புக்கு நல்லது, பார்வைக்கு இன்பமானது, புத்தியைத் தெளிவிக்கும் என்று ஏவாள் கண்டாள் (ஆதியாகமம் 3:6). மரத்தைப் படைத்தவர் தேவன், அதில் குறை ஒன்றும் இல்லை. அவரை ஒதுக்கி வைத்துவிட்டு அதை அடைய நினைத்ததில்தான் எல்லாம் கெட்டது.

ஆகவே "எந்தப் பொருளைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது" என்று தொடங்கினால் கேள்வியே தடம் மாறிவிடும். எதை மேன்மை என்று எண்ணுகிறேன், எது போய்விட்டால் நான் இடிந்துபோவேன் என்று கேட்க வேண்டும்.

"இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்கிறது ரோமர் 12:2. அந்த "ஒத்த வேஷம்" உடையையும் அலங்காரத்தையும் குறிக்கிறதா?

அதை மட்டும் என்று எடுத்துக்கொண்டதால் பல சபைகளில் பெரிய நஷ்டம் ஏற்பட்டிருக்கிறது. அங்கே 'பிரபஞ்சம்' என்று தமிழில் வருவது 'அயோன்' என்ற கிரேக்கச் சொல். அதற்கு இந்தக் காலம், இந்த யுகம் என்று பொருள். தன் காலத்து மக்கள் எதை வெற்றி என்கிறார்களோ, எதற்கு வெட்கப்படுகிறார்களோ, எதற்கு ஓடுகிறார்களோ அதே அச்சில் தானும் வார்க்கப்படுவதுதான் ஒத்த வேஷம். எளிய வெள்ளை உடையில் இருந்துகொண்டு முழுக்க முழுக்க அந்த அச்சிலேயே வாழ முடியும்.

அதே வசனத்தில் 'மறுரூபமாகுங்கள்' என்ற சொல் இருக்கிறது. மலையின்மேல் இயேசு மறுரூபமானார் என்று மத்தேயு 17:2-ல் வருவதும் இதே வினைச்சொல்தான். அங்கே அவர் வேஷம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே இருந்த மகிமை வெளியே தெரிந்தது. ரோமருக்கு இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் சொல்வதும் இதையே: மனம் புதிதாக வேண்டும், மற்றது அதைத் தொடர்ந்து வரும்.

உலகம் எனக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அது ஒரே நாளில் நுழைவதில்லை, அதனால்தான் தெரிவதில்லை. ஆபிரகாமின் சகோதரன் மகனான லோத்தின் கதையில் வசன எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆதியாகமம் 13:10-ல் கண்களை ஏறெடுத்து நீர்வளம் பொருந்திய சமவெளியைப் பார்க்கிறான். 13:12-ல் பொல்லாப்புக்குப் பேர்போன சோதோம் பட்டணத்துக்கு நேரே கூடாரம் போடுகிறான். 14:12-ல் சோதோமிலே குடியிருக்கிறான். 19:1-ல் அந்த ஊரின் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அந்நாளில் பெரிய மனிதர்கள் கூடும் இடம் அது. 19:16-ல் அழிவு வருகிறது என்று தூதர்களே சொல்லியும் தாமதிக்கிறான், கையைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் அவன் நீதிமான் என்று 2 பேதுரு 2:7 சொல்கிறது. ஒவ்வொரு அடியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். மந்தைக்குப் புல் வேண்டுமே!

உங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு வாரம் போதும். ஒரு சிறு நோட்டில் தினமும் இரவு ஐந்து நிமிடம் செலவழித்து மூன்று வரி எழுதுங்கள். இன்று எதைக் குறித்துப் பொறாமைப்பட்டேன்? எதை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்? வேலை இல்லாத நேரத்தில் மனம் தானாக எங்கே போய் நின்றது? ஏழாம் நாள் மொத்தமாக வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயரோ, ஒரு தொகையோ, ஒரு பதவியோ கண்ணில் படும். அங்கேதான் வேலை இருக்கிறது.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். பாவங்களின் பட்டியலை எழுதுவது ஒன்று. இந்த நோட்டு அதற்கானதல்ல, பற்றுகள் எங்கே என்று காண்பதற்கானது. மற்றது, வேறு யாராவது வாசிப்பார்கள் என்று அழகாக எழுதுவது. எழுதி முடித்த வாரத்தோடு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டால் உண்மையாக எழுத வரும்.

ஒரு பட்டியல் போட்டு, உலகத்தோடு தொடர்புள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டால் முடிந்துவிடாதா?

முடியாது என்று பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்கிற கட்டளைகள் ஞானம்போலத் தோன்றும், ஆனால் மாம்சத்தை அடக்க அவற்றுக்குப் பலம் இல்லை (கொலோசெயர் 2:21-23). மாம்சம் அந்தப் பட்டியலையே பெருமைக்குப் பயன்படுத்திக்கொள்ளும். "நான் இதையெல்லாம் விட்டவன்" என்ற எண்ணமும் ஜீவனத்தின் பெருமைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. மத்தேயு 12:43-45-ல் அசுத்த ஆவி போன வீடு பெருக்கி, ஜோடித்து, வெறுமையாக இருக்கிறது. அது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. அந்த வீட்டில் அழுக்கு என்று ஒன்றும் இல்லை; குடியிருக்க ஆள் இல்லாததுதான் அதன் குறை. ஒரு பழக்கத்தை நிறுத்திய மூன்றாம் வாரம் அது இரட்டிப்பாகத் திரும்புவதும் இப்படித்தான். நிறுத்தும் ஒவ்வொன்றுக்கும் பதிலாக அந்த நேரத்தில், அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே எழுதி வைக்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

அப்படியானால் நடைமுறையில் எங்கே தொடங்குவது?

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு மூன்று காரியங்களைச் சொல்கிறார்: தருமம், ஜெபம், உபவாசம். மூன்றுக்கும் ஒரே நிபந்தனை, அந்தரங்கத்தில் செய்ய வேண்டும். யோவான் சொன்ன மூன்று இச்சைகளோடு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். மாம்சத்தின் இச்சைக்கு உபவாசம். கண்களின் இச்சைக்குக் கொடுத்தல். பிறர் பார்வையில் வாழும் பெருமைக்கு, யாரும் பார்க்காத அறைவீட்டு ஜெபம். எது உங்களுக்கு மிகவும் கஷ்டமாகத் தோன்றுகிறதோ அதில் தொடங்குங்கள். பெரும்பாலும் நோயும் அங்கேதான் இருக்கும்.

உபவாசத்தில் புதியவர்கள் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வேளை உணவை விட்டால் போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை விடக்கூடாது. அவர்கள் திரை பார்ப்பதையோ பொருள் வாங்குவதையோ ஒரு நாள் விடலாம். உண்ணும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் ஜெபத்தில் இருங்கள். இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் மிஞ்சுவது பசியும் எரிச்சலும்தான். பசிக்கும்போது எரிந்து விழுகிறீர்கள் என்றால் உபவாசம் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாப்பாட்டால் மூடிவைத்திருந்த கோபம் இப்போது வெளியே தெரிகிறது. அதையே ஜெபத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதவாசிப்புக்கு முதல் மூன்று மாதம் நான்கு சுவிசேஷங்கள் மட்டும் போதும். மொத்தம் 89 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று. மத்தேயு 5 முதல் 7 வரை உள்ள மலைப்பிரசங்கத்தை மட்டும் வாரம் ஒருமுறை ஒரே மூச்சில் வாசியுங்கள். 111 வசனங்கள், கால் மணி நேரம் பிடிக்கும். எது பாக்கியம், யார் பெரியவர், எது பொக்கிஷம் என்று உலகம் கற்றுக்கொடுத்த கணக்கு அங்கே வரிக்கு வரி தலைகீழாகிறது. மனம் புதிதாவதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

கைப்பேசியையும் சமூக ஊடகங்களையும் முழுவதும் விட்டுவிட வேண்டுமா?

சிலருக்கு ஆம். ஆபாசத்துக்கு அடிமைப்பட்டவர் "அளவாக" என்று பேரம் பேசக்கூடாது. கண் இடறலுண்டாக்கினால் பிடுங்கிப்போடு என்ற மத்தேயு 5:29-ஐ அந்த இடத்தில் முழு வீச்சில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு ஒழுங்கு போதும்.

எழுந்த முதல் 30 நிமிடம் கைப்பேசியைத் தொடாதீர்கள். அதற்கு ஒரே வழி, இரவு அதை வேறு அறையில் சார்ஜ் போடுவது. தலைமாட்டில் வைத்துக்கொண்டு எடுக்கமாட்டேன் என்று தீர்மானம் எடுப்பது மூன்று நாள் தாங்கும். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கிவிடுங்கள். பிறகு அமைப்புகளில் போய் அழைப்பும் நேரடிச் செய்தியும் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் அணையுங்கள். வாரம் ஒருமுறை திரைநேரக் கணக்கைத் திறந்து, ஒரு செயலிக்கு எத்தனை மணி நேரம் போனது என்று பாருங்கள்.

நேரத்தைவிட முக்கியமானது ஒப்பீடு. யாருடைய பக்கத்தைப் பார்த்து முடித்ததும் உங்கள் வீடு சிறியதாக, உங்கள் துணை குறைவுள்ளவராக, உங்கள் ஊழியம் அற்பமாகத் தோன்றுகிறதோ, அந்தப் பக்கத்தைப் பின்தொடர்வதை நிறுத்துங்கள். அவர் கெட்டவர் என்று பொருளல்ல. அவருடைய பக்கம் உங்கள் கண்களின் இச்சைக்குத் தீனி போடுகிறது, அவ்வளவுதான். சில வேளை அது ஒரு ஊழியக்காரரின் பக்கமாகவும் இருக்கும்.

நல்ல சம்பளம், நல்ல வீடு வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா?

"பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்பதே 1 தீமோத்தேயு 6:10. பணம் என்று அங்கே இல்லை. அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனம், நாம் அனுபவிக்கிறதற்குச் சகல நன்மைகளையும் தேவன் சம்பூரணமாகக் கொடுக்கிறார் என்கிறது. அதனால் நன்றியோடு அனுபவிக்கலாம். ஆனால் ஐசுவரியத்துக்கு ஒரு 'மயக்கம்' உண்டு என்று இயேசு சொன்னார், அது வசனத்தை முள்ளைப்போல நெருக்கிப்போடும் (மத்தேயு 13:22). மயங்கியவனுக்குத் தான் மயக்கத்தில் இருப்பது தெரியாது. அதனால் நம் மனநிலையை நம்பாமல் கணக்கை நம்புவது நல்லது.

சம்பளம் வந்த அன்றே முதலில் கொடுக்க வேண்டியதை எடுத்து வையுங்கள், பிறகு சேமிப்பு, பிறகு செலவு. வரிசை மாறினால் மாதக் கடைசியில் கொடுக்க ஒன்றும் இருக்காது. கொரிந்து சபைக்கும் பவுல் இதையே சொன்னார்: வாரத்தின் முதல் நாள்தோறும் தன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2). எவ்வளவு என்பதில் புதிய ஏற்பாடு ஒரு எண்ணைக் கட்டளையாகக் கொடுக்கவில்லை. அவனவன் மனதில் நியமித்தபடி, விசனமில்லாமல் என்கிறது (2 கொரிந்தியர் 9:7). பத்தில் ஒரு பங்கு தொடங்குவதற்கு நல்ல இடம், நின்றுவிடுவதற்கான இடம் அல்ல.

வருமானம் கூடும்போதுதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். உயர்வு வருவதற்கு முன்பே, வரப்போகும் கூடுதல் தொகையில் எத்தனை பங்கு பிறருக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். வந்தபிறகு யோசித்தால் அது ஏற்கெனவே தேவை ஆகியிருக்கும். அவசியமற்ற பெரிய பொருள் என்றால் 30 நாள் தள்ளிப்போடுங்கள். "யாருமே பார்க்கப்போவதில்லை என்றாலும் இதையே, இந்த விலைக்கே வாங்குவேனா?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், விலையில் எவ்வளவு பங்கு பெருமைக்குப் போகிறது என்று புரிந்துவிடும்.

வேலையிடத்தில் பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார்கள். வேலையை விட்டுவிடவா?

உடனே அல்ல. யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்களும்) போர்ச்சேவகரும் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர் யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதிருங்கள், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார் (லூக்கா 3:12-14).

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூத வாலிபன் தானியேல் செய்ததை அப்படியே பின்பற்றலாம் (தானியேல் 1). பாபிலோன் கொடுத்த பெயரை ஏற்றுக்கொண்டான், கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான், மூன்று வருடப் பயிற்சிக்கு உட்பட்டான். ராஜாவின் போஜனத்தில் மட்டும் கோடு போட்டான். அந்தத் தீர்மானத்தைத் தட்டு முன்னால் வரும்வரை தள்ளிப்போடாமல், முதலிலேயே இருதயத்தில் எடுத்தான். முரட்டுத்தனமாக மறுக்காமல் மேலதிகாரியிடம் வேண்டிக்கொண்டான். அவர் பயந்தபோது அடுத்த நிலையில் இருந்த விசாரிப்புக்காரனிடம் போனான். வெறுமனே "மாட்டேன்" என்று சொல்லாமல் மாற்று ஒன்றை வைத்தான்: பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும், 10 நாள், பிறகு முகங்களை ஒப்பிட்டுப் பாருங்கள் என்றான்.

உங்கள் இடத்திலும் அப்படியே. எதில் கையெழுத்திடமாட்டீர்கள் என்பதை இன்றே ஒரு வரியில் எழுதுங்கள். தனிமையில், மரியாதையாகச் சொல்லுங்கள். அதே வேலையை நேர்மையாக முடிக்க ஒரு வழியையும் காலக்கெடுவையும் கையோடு கொண்டுபோங்கள். இன்னொரு பக்கம் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்கத் தொடங்குங்கள். விட முடியாத நிலையில் இருப்பவரால் மறுக்கவும் முடியாது. எல்லாம் செய்தும் வற்புறுத்தினால், அப்போது வெளியேறுங்கள்.

அவிசுவாசிகளான நண்பர்களை விட்டு விலக வேண்டுமா?

வேண்டாம். அப்படி விலகினால் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று பவுலே எழுதினார் (1 கொரிந்தியர் 5:10). இயேசுவும் தம்முடையவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டாமல், தீமையினின்று காக்கும்படி வேண்டினார் (யோவான் 17:15). யார் யாரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சபைக்குள்ளேயே உலகம் இருந்தால்?

இதுதான் மிகவும் வேதனையான கேள்வி, ஏனென்றால் அங்கே அது பக்தியின் பாஷை பேசும். "ஆசீர்வதிக்கப்பட்ட குடும்பம்" என்று நம் வாயில் வரும்போது நாம் யாரைக் குறிக்கிறோம்? பெரும்பாலும் வசதியான குடும்பத்தை. பரிசுத்தத்தில் நிலைத்திருக்கும் ஏழை விதவையை அப்படிச் சொல்லிக் கேட்பது அரிது. சாட்சி நேரத்தில் வேலை கிடைத்ததையும் வீடு கட்டியதையும் சொல்ல அழைப்பார்கள். கேட்டது கிடைக்காமலே விசுவாசத்தில் நிற்பவருக்கு அந்த மேடையில் இடம் இருக்கிறதா?

பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு நல்ல இடம், தரித்திரனுக்குப் பாதபடியண்டையில் இடம் என்று யாக்கோபு 2-ல் வருவதும் ஒரு சபையில்தான். இதைச் சரிசெய்யப் போதகராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த நான்கு வாரம், ஆராதனை முடிந்ததும் யாரிடம் முதலில் போய்ப் பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். யாரும் நின்று பேசாத ஒருவரிடம் வேண்டுமென்றே முதலில் போங்கள். உங்கள் உதடுகளிலிருந்து 'ஆசீர்வாதம்' என்ற சொல் எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஆதிச்சபையார் இதை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்?

ஞானஸ்நானத்திலேயே. 4-ஆம் நூற்றாண்டு எருசலேமில் ஞானஸ்நானம் பெறுபவர் முதலில் மேற்குத் திசையைப் பார்த்து நின்று, கையை நீட்டி, சாத்தானையும் அவன் கிரியைகளையும் அவன் ஆடம்பரத்தையும் மறுதலிப்பார். பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார். 'ஆடம்பரம்' என்றால் என்ன என்றும் அங்கே விளக்கினார்கள்: நாடக அரங்கின் பித்து, குதிரைப் பந்தயம் போன்றவை. பொத்தாம்பொதுவாக "உலகம்" என்று விடவில்லை, அந்த ஊர் மக்களை எது இழுத்ததோ அதைப் பெயர் சொல்லி மறுக்கச் செய்தார்கள். திரும்பி நிற்கும் அந்தச் செயலும் முக்கியம். மறுப்பதோடு நிறுத்தாமல் ஒருவரை நோக்கித் திரும்பினார்கள்.

பிள்ளைகளை எப்படி வளர்ப்பது?

பிள்ளைகள் நம் அறிவுரையை அல்ல, நம் பரபரப்பைக் கற்றுக்கொள்கிறார்கள். பொய் சொன்னதற்கு ஒரு வார்த்தை கண்டித்துவிட்டு, மதிப்பெண் குறைந்ததற்கு மூன்று நாள் வீடே துக்கம் காத்தால், எது பெரிது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். குடும்ப ஜெபத்தில் பிள்ளைக்காக என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். படிப்பும் வேலையும் மட்டுமே இருந்தால் மாற்றுங்கள்: உண்மை பேச, மன்னிக்க, தனித்து நிற்கும் சக மாணவனோடு சேர்ந்து உட்கார என்று, அவர்கள் காதில் விழும்படியே ஜெபியுங்கள். கொடுக்கிற பணத்தை அவர்கள் கையால் கொடுக்க விடுங்கள்.

கேலி செய்கிறார்களே?

செய்வார்கள். துன்மார்க்கத்தில் நீங்கள் அவர்களோடு விழாமலிருப்பதால் ஆச்சரியப்பட்டுத் தூஷிப்பார்கள் என்று 1 பேதுரு 4:4 முன்கூட்டியே சொல்கிறது. ஆனால் உங்கள் விசுவாசத்துக்காகக் கேலி செய்கிறார்களா, பிறரைக் கீழாகப் பார்க்கும் தோரணைக்காகவா என்று நம்பகமான ஒருவரிடம் கேட்டுப்பாருங்கள். இரண்டாவதென்றால் அது பாடு அல்ல, திருத்திக்கொள்ள வேண்டியது.

பல வருடம் உலகத்தின் பின்னே போய்விட்டேன். இனி திரும்ப முடியுமா?

தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து என்னைவிட்டுப் போய்விட்டான் என்று 2 தீமோத்தேயு 4:10-ல் பவுல் எழுதுகிறார். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: மாற்குவைக் கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன். இந்த மாற்கும் ஒரு காலத்தில் பம்பிலியாவில் பாதியிலே விட்டுப் போனவன். அவனைச் சேர்த்துக்கொள்ளக்கூடாது என்று பிடிவாதமாக நின்றவர் இதே பவுல் (அப்போஸ்தலர் 15:38). பிலேமோன் நிருபத்தின் முடிவில் மாற்குவும் தேமாவும் ஒரே வசனத்தில் உடன்வேலையாட்களாக வருகிறார்கள். விட்டுப்போன ஒருவன் திரும்பி வந்தான், உடன் நின்ற ஒருவன் விட்டுப்போனான்.

இன்றே செய்யக்கூடியவை உண்டு. தேவனிடம் பொதுவாக "பாவி" என்று சொல்லாமல், எதை நேசித்தீர்களோ அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். அதில் யாருக்காவது பணமோ மானமோ நஷ்டமாகியிருந்தால், ஆயக்காரன் சகேயு செய்ததுபோலத் (லூக்கா 19:8) திருப்பிக் கொடுக்க ஒரு தேதி குறியுங்கள். பிறகு வாரம் ஒருமுறை உங்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்க, முதிர்ந்த விசுவாசி ஒருவரை, உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவரை, தேர்ந்தெடுத்து அனுமதி கொடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்; நான்கு கேள்விகள் போதும், கடைசிக் கேள்வி "இப்போது சொன்ன பதில்களில் எதையாவது மறைத்தீர்களா?" என்று இருக்கட்டும்.